உப்பு வெளியே வராது, மாங்காய் உள்ளே வரட்டும்

போன மாதம் நீங்கள் என்னை உங்கள் பழச்சாறு ஆலைக்கு அழைத்துப்போய்க் காட்டிய தொட்டியைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். பழம் பிழிந்தபின் மிஞ்சும் சேறு போன்ற கசடை மெல்லிய சவ்வுப் பைகளில் அடைத்து, கெட்டியான உப்புநீரில் தொங்கவிட்டிருந்தீர்கள். பைக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இருக்கும் உப்பு இழுத்துக்கொள்ளும், நெருப்பும் வேண்டாம், வெயிலும் வேண்டாம், கசடு தானே வற்றிவிடும் என்று விளக்கினீர்கள். முதல் நாள் நன்றாக இழுத்ததாம். அப்புறம் இழுப்பது நின்றுவிட்டதாம். பையைச் சந்தேகப்பட்டு, சவ்வைச் சந்தேகப்பட்டு, கடைசியில் வெளியே வந்த தண்ணீரே உப்புநீரை நீர்க்க வைத்துவிட்டது என்று நீங்களே கண்டுபிடித்தீர்கள். உங்களில் ஒருவர், "இதையெல்லாம் முன்கூட்டியே யாரம்மா நினைத்துப் பார்க்க முடியும்?" என்று அலுத்துக்கொண்டார்.

நான் சிரித்தேன். ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டீர்கள். வெண்ணந்தூரில் ஓர் உப்புக்கடை ஞாபகம் வந்தது என்று சொன்னேன். உங்களுக்கு அது புரியவில்லை. புரியும்படி எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன், கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த உலர்த்தும் தொழிலில் எனக்கு வாய்த்த வெற்றிகளில் இதைப்போல இனித்தது வேறொன்றும் இல்லை.

அது யுத்த காலம். ராசிபுரம், வெண்ணந்தூர்ப் பக்கத்தில் தறிகள் நின்றுபோயிருந்தன. நெய்யக் கை இருந்தது, நூல் இல்லை. தறிச்சத்தம் கேட்டுக்கொண்டே வளர்ந்தவர்களுக்கு அந்த அமைதி எப்படி இருக்கும் என்று சொன்னால் தெரியாது. எங்கள் வீட்டிலும் தறி நின்றது. நான் எட்டாவது வரை படித்திருந்தேன், வாயும் கொஞ்சம் நீளம். அந்த இரண்டையும் நம்பி, ஊருக்கு வெளியே புதிதாக ஏற்பட்டிருந்த மாங்காய் உலர்த்தும் களத்தில் மேற்பார்வைக்குச் சேர்ந்தேன்.

களம் என்றால் பெரிய பாறை. அலவாய்மலைக்கு எதிரே, தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கும் ஒரே பாறை. வண்டிகளில் வந்திறங்கும் மாங்காயைப் பெண்கள் அரிவாள்மணையில் அறுத்து, பாறைமேல் பாய் விரித்துக் காயப்போடுவார்கள். அந்த வற்றல் பட்டாளத்துக்குப் போனது. பச்சைக் காய் கிடைக்காத இடத்தில் இருக்கும் சிப்பாய்களுக்குப் பல் ஈறு வீங்காமல் இருக்கப் புளிப்பு வேண்டுமாம். அறுக்க வந்தவர்கள் எல்லாரும் தறி நின்றுபோன வீட்டுப் பெண்கள். அவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது, எனக்கும் கிடையாது.

முதலாளி பக்கத்து ஊர் விவசாயி. மனசு தங்கம், தைரியம் தவிடு. முதல் தவணைச் சரக்கில் ஒரு நாள் மேக மூடாக்கு விழுந்தபோது பயந்துபோய், கொட்டகையில் நெருப்பு மூட்டிக் காய வைத்தார். துண்டுகள் மேலே தோல்போல இறுகிக்கொண்டன. உள்ளே இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிப் பூசணம் பிடித்தது, போதாததற்குப் புகை நாற்றம். சேலத்திலிருந்து சரக்குப் பார்க்க வந்த அதிகாரி ஒரு துண்டை முகர்ந்துவிட்டுத் திருப்பிப் போட்டார். "உப்புப் போடுவீர்களோ போடாமல் விடுவீர்களோ, அது உங்கள் இஷ்டம். ஈரம் இருக்கக் கூடாது, நாற்றம் இருக்கக் கூடாது. அடுத்த சரக்கும் இப்படி இருந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் போய்விட்டார். அடுத்த சரக்கும் கெட்டால் களத்தை மூடிவிட்டுச் சோளம் விதைக்கப் போய்விடுவதாக முதலாளியும் சொல்லிவிட்டார்.

அந்த அடுத்த சரக்கு வந்து இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை.

"அம்மணி, இன்னைக்கு வளர்பொறை வெள்ளி. வந்த காயி அத்தனையும் அறுத்துப் போட்டுருங்" என்றார் முதலாளி.

"பாதிய நாளைக்கு வெச்சுக்கலாமுங்க மொதலாளி. இது கோட மழைக் காலம். அறுக்காத காயி தாங்கும், அறுத்த காயி தாங்காதுங்க."

"நாளைக்கு சனிக்கெழமைங். சனிக்கெழம கத்தி வெச்ச காரியம் வெளங்குமா? போன தடவ புதங்கெழம மத்தியானம் ஆரம்பிச்சுத்தான் அந்தக் கதி ஆச்சு."

போன தடவை அந்தக் கதி ஆனது நெருப்பால், புதன்கிழமையால் அல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது, வாதம் செய்தால் அந்த வெயிலும் வீணாகும். அத்தனை காயையும் அறுத்தோம். பாறை முழுக்க மாங்காய்த் துண்டு. அங்கம்மா என்று ஒருத்தி, எங்கள் கூட்டத்தில் வாயாடி, நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மலைக்கே வெள்ளச் சீல கட்டுனாப்புல இருக்குது" என்றாள்.

மத்தியானத்துக்குமேல் அலவாய்மலைப் பக்கம் கறுத்தது. கறுத்தது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மழை இறங்கிவிட்டது. பாறையில் பெய்யும் மழை எங்கும் நிற்காது, அத்தனையும் ஓடும், ஓடும்போது பாய்களையும் இழுத்துக்கொண்டு ஓடும். பெண்கள் பாயைச் சுருட்டித் துண்டுகளை வாரிக் கொட்டகைக்குள் கொட்டினார்கள். ஒரு கூடை அளவுக்குக்கூட நாங்கள் இழக்கவில்லை. ஆனால் மழை விட்டபோது கொட்டகைக்குள் ஆள் உயரத்துக்கு நனைந்த மாங்காய்க் குவியல் நின்றது, வானத்தில் வெயில் இல்லை, காற்றும் இல்லை, ஒரே புழுக்கம்.

குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு ஏற ஆரம்பித்திருந்தது. விடியும்போது அது கொழகொழத்துவிடும் என்று கை சொல்லியது.

முதலாளி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கரி போட்டு மூட்டலாமுங்களா? கரியில பொகை வராதில்ல?" என்றார்.

"பொகை வராதுங்க. ஆனா தோலு இறுகும், ஈரம் உள்ளயே நிக்கும். அதே பூசணந்தாங்க வரும்."

"அப்ப என்னதானுங் பண்றது?"

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். வெயிலும் நெருப்பும் தண்ணீரை வெளியிலிருந்து விரட்டுகிறவை. எங்களுக்கு வேண்டியது உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே கூப்பிடுகிற ஒன்று. மாவடு போடும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டு ஊற்ற மாட்டோம், உப்பை மட்டும் போட்டு மூடுவோம், இரண்டாம் நாள் பார்த்தால் சாடி நிறையத் தண்ணீர் நிற்கும், வடு சுருங்கிக் கிடக்கும். அதை ஊறுகாய் என்று நினைத்தே பார்த்துப் பழகியதால், அது ஓர் உலர்த்தும் வேலை என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் அந்தக் கொட்டகையில் நிற்கும்வரை தோன்றியதில்லை.

"உப்புல போடலாமுங்க" என்றேன். "மேகமா இருந்தாலும் உப்பு வேல செய்யும். தண்ணி முக்காவாசி எறங்கிருச்சுன்னா மிச்சத்துக்கு லேசா ஒரு வெயில் போதும்."

களத்தில் இருந்த உப்பு பெண்கள் கூழுக்குப் போட்டுக்கொள்ளும் ஒரு கலயம். வண்டி வண்டியாக உப்பு இருக்கும் ஒரே இடம் வெண்ணந்தூர்க் கடைத்தெருவில் இருந்த உப்புக்கடை. முதலாளியின் சவாரி வண்டியில் அவரும் நானும் ஏறினோம். வண்டிக்காரரிடம் மாட்டை விரட்டச் சொன்னேன். காரணம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் விளக்கு வைத்தபின் உப்பு கொடுக்க மாட்டார்கள். உப்பு லட்சுமி. விளக்கு வைத்த நேரத்தில் அவளை வாசலுக்கு வெளியே அனுப்பினால் திரும்ப மாட்டாள் என்பார்கள். அதுவும் வெள்ளிக்கிழமை என்றால் பேச்சுக்கே இடமில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். ஆனால் மேகம் எங்களை அங்கேயும் விடவில்லை. சீக்கிரமே இருட்டிவிட்டது என்று அந்த வீட்டில் விளக்கைச் சீக்கிரமே ஏற்றிவிட்டார்கள்.

கடைக்காரர் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கேட்டதும் கையை விரித்தார். "தராசு என்னுதுங்க. வெளக்கு அவளுது. அவளக் கேளுங்" என்று உள்பக்கம் காட்டினார்.

அவர் மனைவி தெய்வானை வந்தார். நெற்றியில் அப்போதுதான் வைத்த குங்குமம். "வெளக்கு வெச்சாச்சு, கண்ணு. விடியட்டும். கோலம் போட்டதும் நானே அளந்து தாரேன்" என்றார்.

"விடிஞ்சா எங்களுக்கு உப்பு வேண்டாமுங்க அக்கா. மாங்கா பூரா கெட்டுப்போயிருக்கும்."

முதலாளி விலையை ஏற்றிக் கேட்டார். அந்த அம்மாள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. ஊர்ப் பெண்களின் பிழைப்புப் போகிறது, நீங்கள் விளக்கைக் காட்டுகிறீர்களே என்று பொரிந்து தள்ளினேன். அவர் கோபப்படவில்லை.

"நூலு இல்லாத ஊட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியாதா சாமி? தெனமும் காலணாவுக்கு உப்பு வாங்க வர்ற பொம்பளைங்க மொகத்துல பாத்துட்டுத்தான இருக்கறேன். ஆனா வெளக்கு வெச்ச பொறகு உப்பு இந்த வாசப்படியத் தாண்டுனதில்ல. எங்க மாமியா காலத்துலயும் தாண்டுனதில்ல. நான் தாண்ட உட மாட்டேன்."

அவர் குரலில் பிடிவாதத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. அது என்னை நிறுத்தியது. அவர் நம்பிக்கை சரியா தப்பா என்று வாதாடினால் ராத்திரி முழுக்க வாதாடலாம், மாங்காய் காத்திருக்காது. அவரை மீறி அவர் கணவரை மசிய வைக்கலாம், அந்த மனிதர் பாதி மசிந்துதான் இருந்தார். அப்படிச் செய்தால் அந்த வாசலில் இனி எந்த முகத்தோடு நிற்பது? ஆகவே அவர் சொன்னதையே திரும்ப யோசித்தேன். அவர் தடுப்பது என்ன? உப்பு வெளியே போவதை. எனக்கு வேண்டியது என்ன? உப்பும் மாங்காயும் ஓரிடத்தில் சேர்வது. இந்த இரண்டுக்கும் சண்டையே இல்லையே!

"அக்கா, உப்பு வெளிய வர வேண்டாமுங்க. மாங்கா உள்ள வரட்டுங்களா?"

"என்ன கண்ணு சொல்ற?"

"உங்க கிட்டங்கிக்குள்ளயே வெச்சு உப்புல போட்டுக்கறோம். ராத்திரி அங்கயே கெடக்கட்டும். விடிஞ்சு நீங்க கோலம் போட்டப்பறம் எடுத்துட்டுப் போறோமுங்க."

முதலில் சிரித்தவர் கடைக்காரர். தெய்வானை அம்மாள் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவர் முகமும் மலர்ந்தது. "வெள்ளிக்கெழம வெளக்கு வெச்ச ஊட்டுக்கு மாங்கா ஒறம்பரையா வருதுன்னா, வேண்டாம்னு சொல்ல நான் ஆரு? வரச் சொல்லு" என்றார். ஒறம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் விருந்தாளி.

வண்டி திரும்பிப் பறந்தது. கொஞ்ச நேரத்தில் வெண்ணந்தூர்க் கடைத்தெரு அதுவரை பார்க்காத காட்சியைப் பார்த்தது. பெண்கள் வரிசையாகத் தலையில் கூடை, பின்னால் வண்டிகளிலும் கூடை. கல்யாணச் சீர் வருவதுபோல இருந்தது. கடை வாசலில் நின்ற ஒருவர், "ஆரு ஊட்டுக் கண்ணாலமுங்க?" என்று கேட்டார். "மாங்காய்க்கும் உப்புக்கும் கண்ணாலமுங்க, மொய் எழுதீட்டுப் போங்" என்றாள் அங்கம்மா, கழுத்தைத் திருப்பாமலே.

உப்புக் கிட்டங்கிக்கு, அதாவது சரக்கறைக்கு, கல் பாவிய தரை. உப்பு வியர்த்துச் சொட்டும் என்பதால் தரை வாட்டம் கொடுத்து, வாசலோரம் ஒரு குழியில் போய்ச் சேரும்படி கால்வாய் வெட்டியிருந்தார்கள். குழியிலிருந்து தெருவுக்கு ஒரு துவாரம். நாங்கள் தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு அடுக்கு உப்பு, ஒரு அடுக்கு மாங்காய் என்று பரப்பத் தொடங்கினோம்.

முதலாளி என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். "பாத்துப் போடுங் அம்மணி. இத்தன உப்புப் போட்டா வாயில வெக்க முடியுமா?"

"கொஞ்சமாப் போட்டாத்தானுங்க ஆபத்து. கொஞ்ச உப்பு கொஞ்சம் தண்ணிய இழுத்துட்டு அதுலயே கரைஞ்சு போயிரும். அப்பறம் மாங்கா அந்தச் சப்புத் தண்ணிக்குள்ள ஊறிப் புளிச்சுப் போயிருமுங்க. போட்டா முழுசாப் போடோணும், இல்லீன்னா போடவே கூடாது."

அவசரத்தில் அரை மனசோடு செய்யும் வேலையைப்போலக் கெடுதல் வேறில்லை. முழுசாகப் போட்டோம்.

கூழ் குடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது, மாங்காய் கசிய ஆரம்பித்தது. முதலில் ஒவ்வொரு துண்டும் மினுமினுத்தது. பிறகு அடுக்குக்கு அடியில் ஈரம் ஓடியது. பிறகு கால்வாயில் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் ஓடிப்போய்க் குழியில் விழுந்தது. பெண்கள் கைகொட்டாத குறைதான். ஓடட்டும், எல்லாம் தெருவுக்கு ஓடட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் தெய்வானை அம்மாளின் அலறல் கேட்டது. "ஐயோ சாமி, உப்பு வெளிய போகுதே!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். மாங்காயிலிருந்து இறங்கிய தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை, உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிற தண்ணீர். அது துவாரம் வழியாகத் தெருவுக்குப் போனால், விளக்கு வைத்த வீட்டிலிருந்து உப்பு வெளியே போகிறது என்றுதான் பொருள். கையிலிருந்த துணியைச் சுருட்டித் துவாரத்தை அடைத்தேன். போன சொட்டுக்கு அவரிடம் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஆனால் குழி நிறைந்துகொண்டே வந்தது. நிறைந்தால் தண்ணீர் திரும்பி ஏறி மாங்காய்க்கே வரும்.

தெய்வானை அம்மாளே தன் வீட்டுப் பித்தளை அண்டாக்களைத் தூக்கி வந்தார். வேண்டாம் என்றேன். புளிப்பும் உப்பும் சேர்ந்தால் பித்தளை பச்சையாகக் களிம்பு கக்கும். மண்பாத்திரம்தான் வேண்டும், அதுவும் பெரிதாக வேண்டும்.

அங்கம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "பாவுக்குக் கஞ்சி காச்சற மொடா ஊட்டுக்கு ஊடு சும்மா கவுந்து கெடக்குது. நூலு வந்தாத்தான அதுக்கு வேல? வாங்கடி!" என்றாள்.

தறிக்குப் போகும் நூலுக்குப் போட, ஒவ்வொரு நெசவு வீட்டிலும் கஞ்சி காய்ச்சப் பெரிய மண்மொடா இருக்கும். நூல் இல்லாததால் அவை கவிழ்ந்து கிடந்தன. அவற்றைக் கழுவிக் கொண்டுவந்து கிட்டங்கிக்குள் வரிசையாக வைத்தார்கள். குழியிலிருந்து முகந்து முகந்து ஊற்றினார்கள். முதல் மொடா நிறைந்தது. அடுத்தது நிறைந்தது. அதற்கடுத்ததும் நிறைந்தது.

முதலாளி விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி மொடா வரை வந்துவிட்டு நிமிர்ந்தார். "இத்தன தண்ணியும் அந்தத் துண்டுக்குள்ளயா இருந்துச்சு!" என்றார். மழைக்குப் பிறகு அப்போதுதான் அவர் தலைத்துண்டை எடுத்தார்.

எனக்குக் கிடைத்தது அதைவிடப் பெரியது. தண்ணீர் தெருவுக்கு ஓடியிருந்தால், எவ்வளவு இறங்கியது, இன்னும் இறங்குகிறதா என்று எனக்குத் தெரிந்தே இருக்காது. மொடாக்கள் எனக்குச் சொல்லின. குழி ஊறுவது மெதுவாகி நின்றபோது, மாங்காய் வற்றிவிட்டது என்று எல்லாரும் எழுந்தார்கள். நான் துண்டைப் பிசைந்து பார்த்தேன், இன்னும் தண்ணீர் இருந்தது. களைத்துப்போனது மாங்காய் அல்ல, உப்பு. நனைந்த உப்பை ஒதுக்கிவிட்டுப் புது உப்பைப் போடச் சொன்னேன். குழி திரும்பவும் ஊற ஆரம்பித்தது. பெண்கள் போட்ட சத்தத்தில் கடைக்காரர் தராசை விட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார்.

காலையில் தெய்வானை அம்மாள் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, கதவை அகலத் திறந்து, "இப்ப எடுத்துட்டுப் போங்க" என்றார். துண்டுகளை அவற்றின் தண்ணீரிலேயே ஒரு முறை அலசி, ஒட்டியிருந்த உப்பு மணிகளைப் போக்கி, கூடையில் வடியவிட்டோம். முந்தின நாள் தடித்துக் கொழுத்திருந்தவை வாடி, ஒடுங்கி, தோல்வார்போல வளைந்தன. ஒரு துண்டில்கூடக் கொழகொழப்பு இல்லை. பாறைக்குக் கொண்டுபோனோம். வானம் மூடாக்காகத்தான் இருந்தது, நடுநடுவே வெயில் எட்டிப் பார்த்தது. அதுவே போதுமாக இருந்தது. அதிகாரி வருவதற்குள் சரக்கு மூட்டையில் ஏறிவிட்டது.

அவர் வந்தார். ஒரு மூட்டையைப் பிரித்து, ஆழத்தில் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தார். முகர்ந்தார். நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

"உப்புப் போட யார் சொன்னது?"

முதலாளியின் விரல் உடனே என்னைக் காட்டியது. அவர் தைரியத்தைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன்.

"உப்புப் போடுவது உங்கள் இஷ்டம் என்று நான்தான் சொன்னேன், சரி. ஆனால் எடையைக் கூட்டிக் காட்டுவதற்காக உப்பை ஏற்றினீர்களா? அதைச் சொல்லுங்கள்" என்றார் என்னைப் பார்த்து.

எனக்குக் காது சிவந்துவிட்டது. நான் வாய் திறந்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். அதற்குள் அங்கம்மா முன்னால் வந்தாள்.

"எடைய நாங்க கூட்டலீங்க சாமி, கொறச்சோமுங்க. கொறச்சது பூரா உப்புக்கடையில மொடா மொடாவா நிக்குது. நம்பிக்க இல்லீன்னா வந்து பாருங்."

அதிகாரி நம்பவில்லை, வந்தார். தெய்வானை அம்மாள் கிட்டங்கியைத் திறந்தார். சுவர் முழுக்க வரிசையாக மொடாக்கள், ஒவ்வொன்றிலும் கழுத்துவரை தண்ணீர். அந்த மனிதர் விரலை நீட்டி மொடாக்களை எண்ணினார். பிறகு ஒரு மொடாவில் விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அதுவரை நாங்கள் அவரிடம் பார்த்திராத ஒரு காரியத்தைச் செய்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

"இந்தத் தண்ணீரையெல்லாம் வெயிலால் எடுக்க எத்தனை நாள் ஆகும்?"

"வெயில் இருந்தால்தானே ஐயா" என்றேன்.

"சரக்கு அத்தனையும் எடுத்துக்கொள்கிறேன். இனி மழையோ வெயிலோ, எல்லாத் தவணையும் இந்த மாதிரியே வேண்டும்" என்றார்.

முதலாளி அன்றைக்குச் சோள விதை பற்றிப் பேசவில்லை, அப்புறமும் பேசியதில்லை. யுத்தம் முடிந்து, நூல் வந்து, தறிகள் திரும்பச் சத்தம் போடும்வரை அந்தக் களம் ஓடியது. ஒரு வீட்டு அடுப்பும் அணையவில்லை. மொடாத் தண்ணீரை நாங்கள் கொட்டவும் இல்லை. அதிகாரி பார்த்துப்போன மறுநாள் விடிந்தபின் தெய்வானை அம்மாள் ஆளுக்கு ஒரு கலயம் ஊற்றிக் கொடுத்தார். கம்மங்கூழுக்கு அந்தப் புளிப்பும் உப்பும் எப்படி இருந்தது என்று நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கு ஊறுகிறது.

உங்கள் ஆலைக் கசடுக்கு வருகிறேன். பைக்குள் என்ன நடக்கிறது என்று எட்டி எட்டிப் பார்க்காதீர்கள். வெளியே வந்த தண்ணீரைத் தனியே எடுத்து, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். அது ஊறுவது நின்றால் உடனே வேலை முடிந்தது என்று கொண்டாடாதீர்கள். களைத்தது கசடா உப்பா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அப்புறம் ஒன்று. நெருக்கடியில் ஒருவர் குறுக்கே நின்றால், அவரைத் தள்ளிவிடுவதற்குமுன் அவர் சரியாக எதைத் தடுக்கிறார் என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். தெய்வானை அம்மாள் அன்றைக்கு வாசலையும் துவாரத்தையும் மறிக்காமல் இருந்திருந்தால், எனக்கு மொடா வரிசை கிடைத்திருக்காது. மொடா வரிசை இல்லாவிட்டால் அந்த அதிகாரியிடம் காட்ட என் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

அதிகாரி வந்துபோனதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை புதுச் சரக்கு வந்து இறங்கியது, வானம் வெளுப்பாக இருந்தது. வெயிலிலேயே போடலாமா என்று முதலாளி கேட்டார். எல்லாத் தவணையும் அப்படியே வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறோமே என்று சொல்லி, கூடைகளைத் தலையில் ஏற்றச் சொன்னேன். பேச்சில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. கடைத்தெருவுக்குள் நாங்கள் நுழைந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. தெய்வானை அம்மாள் புதுக் குங்குமத்தோடு வாசற்படியில் நின்று, கண்மேல் கைவைத்துத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"ஏன் கண்ணு இத்தன நேரம்? வெளக்கு வெச்சு ஒறம்பரைக்குக் காத்துட்டு நிக்கறேன், வரச் சொல்லு!"